இடுப்பில் ஒரு கத்தி

கதாநாயகனைக் காட்டுக்கு அனுப்பும்போது அவன் இடுப்பில் ஒரு பெரிய கத்தியைச் செருகி அனுப்புவது நாவலாசிரியர்களின் நெடுநாளைய வழக்கம். எழுதுகிறவனுக்கு அதில் சௌகரியம் அதிகம். முதல் அத்தியாயத்தில் கத்தி பளபளத்தால், பத்தாவது அத்தியாயத்துக்குள் ஒரு கரடியாவது ஒரு துஷ்டனாவது வந்தே தீரவேண்டும். வாசகரும் அதற்காகப் பொறுமையுடன் காத்திருப்பார். ஆனால் குளிர்காலத்தில், பனி மூடிய மலையில், காலையில் புறப்பட்டு மாலைக்குள் நடந்து திரும்பிவிடப் போகிற ஒரு சாதாரண மனிதனுக்கு அந்தக் கத்தி எதற்கு? அமெரிக்கர்கள் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நூறு வருஷத்துக்கு மேல் வாதாடியிருக்கிறார்கள்.

கத்தியின் புகழ் ஆரம்பமானது ஒரு மணல் திட்டில். 1827-ம் ஆண்டு செப்டம்பர் 19-ந் தேதி, மிஸிஸிப்பி நதியில் நாட்செஸ் என்ற ஊருக்கு அருகே, இரண்டு கனவான்கள் துப்பாக்கிகளுடன் துவந்த யுத்தம் செய்ய வந்தார்கள். தலைக்கு இரண்டு தடவை சுட்டார்கள். ஒரு குண்டும் யார் மேலும் படவில்லை. மானம் பிழைத்தது என்று கை குலுக்கிக்கொண்டார்கள். விஷயம் அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் துணைக்கு வந்தவர்களுக்குள் பழைய பகை புகைந்துகொண்டிருந்தது. அவர்கள் ஆரம்பித்தார்கள். அந்தக் கலகத்தில் ஜேம்ஸ் போவி என்பவர் குண்டடியும் குத்தும் பட்டுக் கீழே விழுந்த நிலையிலும், தம்முடைய பெரிய கத்தியால் எதிரி ஒருவரைக் கொன்றுவிட்டார். பத்திரிகைகள் விடுமா? ஊர் ஊராகச் செய்தி பரவிற்று. கொல்லன் பட்டறைகளில் எல்லாரும் போவியின் கத்தியைப் போல ஒன்று வேண்டுமென்று கேட்டார்கள். இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரத்து வியாபாரிகள் கப்பல் கப்பலாகச் செய்து அனுப்பினார்கள். போவி 1836-ல் டெக்ஸாஸில் அலமோ கோட்டையில் மடிந்த பிறகு கேட்கவே வேண்டாம், கத்தி காவியமாகிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. ஜேம்ஸின் சகோதரர் ரெஜின் போவி, அந்தக் கத்தியைச் செய்வித்தவர் தாமே என்றும், அது வேட்டைக்காகச் செய்தது என்றும் 1838-ல் எழுதினார். அலகு ஒன்பதேகால் அங்குலமாம். அதாவது, காட்டுக்காகப் பிறந்த கத்தி சண்டையில் பெயர் வாங்கி, சண்டைக் கத்தியாகவே மறுபடியும் காட்டுக்குப் போயிற்று. வாங்கியவர்களில் பெரும்பாலோர் மனத்தில் இருந்தது மணல் திட்டுத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சட்டசபைகள் பயந்துபோயின. அலபாமாவில் 1837-ல் இந்தக் கத்தி விற்பனைக்கு நூறு டாலர் வரி போட்டார்கள். டென்னஸி 1838-ல் விற்பனையையே தடுத்தது. ஆர்க்கன்ஸா ராஜ்யத்துச் சட்டசபையில் நடந்ததுதான் எல்லாவற்றையும் மிஞ்சுகிறது. 1837 டிசம்பரில், ஓநாய்த் தோலுக்கு வெகுமதி கொடுப்பது பற்றிய மசோதா விவாதத்தில், சபாநாயகரைப் பற்றி ஓர் அங்கத்தினர் கேலியாக ஏதோ சொல்லப்போக, சபாநாயகர் ஆசனத்தை விட்டு இறங்கி வந்தார். இருவர் கையிலும் பெரிய கத்தி. சபை நடுவிலேயே அங்கத்தினர் கொல்லப்பட்டார். வழக்கு நடந்து சபாநாயகர் விடுதலையும் பெற்றார். ஓநாயிடமிருந்து தப்புவது எப்படி என்று ஆலோசிக்கக் கூடிய சபை அது! டெக்ஸாஸிலும் 1871-ல் தடை வந்தது. போவியைத் தெய்வமாக்கிய அந்த மண்ணிலேயே அவருடைய கத்தியை வெளிப்படையாக இடுப்பில் கட்டி நடக்கும் உரிமை, சில இடங்கள் நீங்கலாக, 2017-ல்தான் திரும்பக் கிடைத்தது.

நிற்க. நாம் மலைக்குப் போவோம்.

பென்ஸில்வேனியாவில் ஜார்ஜ் வாஷிங்டன் ஸியர்ஸ் என்று ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளி இருந்தார். பெயர்தான் பெரியது, ஆள் குள்ளம், மெலிந்த தேகம், க்ஷயரோகம் வேறு. சிறு வயதில் தமக்குக் காட்டைக் காட்டிய ஓர் இந்தியப் பழங்குடியினரின் பெயரைப் புனைபெயராகக் கொண்டு, 'நெஸ்மக்' என்று பத்திரிகைகளில் எழுதினார். 1883-ல், தமது அறுபத்திரண்டாம் வயதில், பத்தரை பவுண்டு மட்டுமே எடையுள்ள ஒரு படகில் அடிராண்டாக் ஏரிகளில் தனியாக 266 மைல் போய் வந்தவர். மறு வருஷம் அவர் எழுதிய 'காட்டுக் கலை' என்ற புத்தகத்தில் கடைகளில் விற்கும் பெரிய வேட்டைக் கத்திகளை ஈவு இரக்கமின்றித் தாக்கியிருக்கிறார். தடித்த, மந்தமான, மலிவுக் கதைகளுக்குப் பொருத்தமான சரக்கு என்பது அவர் அபிப்பிராயம். அவர் எடுத்துப் போனவை மூன்று: இரண்டு பக்கமும் அலகுள்ள ஒரு சிறு கைக்கோடரி, மெல்லிய அலகுள்ள ஒரு கத்தி, மடக்குப் பேனாக்கத்தி ஒன்று. ஸெயிண்ட் லூயி நகரத்து நூலகப் பதவியை விட்டு 1904-ல் ஸ்மோக்கி மலைகளுக்குப் போய்விட்ட ஹொரேஸ் கெபார்ட்டும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார். நாலைந்து அங்குல அலகு போதும் என்பது அவர் கணக்கு. காட்டிலேயே காலம் கழித்த இருவரும் சிறிய கத்தியைச் சொல்ல, பட்டணத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை போகிறவர் பெரிய கத்தியைத் தேடினார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஏன் என்று பார்த்தால் விளங்கும். குளிர்காலத்தில் கத்தியின் முதல் வேலை தீ மூட்ட உதவுவது. பனியில் கிடக்கும் சுள்ளி நனைந்தோ உறைந்தோ இருக்கும். நின்றபடியே பட்டுப்போன மரத்தின் உள்ளேதான் காய்ந்த கட்டை இருக்கும். அதை வெளியே கொண்டுவரக் கோடரியின் கனம் வேண்டும். பெரிய கத்தியைக் கட்டையின் மேல் வைத்து, முதுகில் இன்னொரு தடியால் அடித்தும் பிளக்கலாம். மணிக்கட்டுப் பருமனுள்ள கட்டைக்கு அது போதும். ஆனால் கடுங்குளிரில் எஃகு நொறுங்கும் குணம் கொள்ளும். அதனால்தான் வட தேசத்து மரவெட்டிகள் கோடரியைச் சற்றுச் சூடாக்கிக்கொண்டு வெட்டினார்கள். கை மரத்துப்போயிருக்கும், உறை தடிமனாக இருக்கும். நழுவினால் பாய்வது தொடையில். வைத்தியர் இருப்பது பத்து மைலுக்கு அப்பால்.

பெரிய கத்தியே பைத்தியக்காரத்தனம் என்று சொல்லிவிடவும் முடியாது. ஸ்காண்டிநேவியாவின் வட கோடியில் கலைமான் மேய்க்கும் ஸாமி மக்கள் எட்டு, ஒன்பது அங்குலக் கத்தியைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டி வருகிறார்கள். அங்கே மரம் என்றால் பெரும்பாலும் மெல்லிய பிர்ச் மரம். கூடாரத்தில் பரப்பக் கிளை வெட்டவும், சிறு விறகு பிளக்கவும், எலும்பு உடைக்கவும் அது சரியான ஆயுதம். நுட்பமான வேலைக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னக் கத்தியும் தொங்கும். அவர்களுக்குக் கத்தி ஆபரணமில்லை; தினப்படி தொழில்.

ஒரு நாள் நடைக்காரரின் ஆபத்து வேறு விதமானது. மாலையில் வீட்டுக்கு வந்துவிடுவோம் என்பதால் அவர் மூட்டையை இலேசாக்கிக்கொள்கிறார். நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள வாஷிங்டன் மலையின் உயரம் 6,288 அடிதான். ஆனால் டிசம்பரில் பகல் அங்கே ஒன்பது மணி நேரம்கூட இல்லை. 1934 ஏப்ரல் 12-ந் தேதி அதன் உச்சியில் காற்று மணிக்கு 231 மைல் வேகத்தில் வீசியதைக் கருவி வைத்து அளந்திருக்கிறார்கள். மேல் பகுதியில் மரமே கிடையாது. எந்த அங்குலக் கத்தியும் அங்கே எதை வெட்டும்?

குளிர்காலம் அந்த மலையில் பஞ்சாங்கம் பார்த்தும் வருவதில்லை. 1900-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி, அபலாச்சியன் மலைச் சங்கத்தின் கூட்டம் உச்சி விடுதியில் நடக்க இருந்தது. அதற்காக வில்லியம் கர்ட்டிஸ், ஆலன் ஆர்ம்ஸ்பி என்ற இருவர் கிராபர்டு பாதை வழியாக நடந்து ஏறினார்கள். கர்ட்டிஸுக்கு வயது அறுபத்து மூன்று. ஆனால் நியூயார்க் உடற்பயிற்சிக் கழகத்தை நிறுவியவர்களில் ஒருவர், பெயர்பெற்ற பலசாலி, குளிருக்குக் கனத்த உடை தேவையில்லை என்பவர். வழியில் ஒரு சிகரத்துப் பதிவேட்டில் மழையையும் காற்றையும் குளிரையும் குறித்துக் கையெழுத்திட்டுவிட்டு மேலே போனார்கள். ஜூன் மாதத்தில் பனிமழைப் புயல் பிடித்துக்கொண்டது. குட்டைப் புதர் ஒன்றில் ஒதுங்கப் பார்த்திருக்கிறார்கள். பிறகு கர்ட்டிஸ் பாதையோரத்தில், மேகங்களின் ஏரிகள் என்று பெயருள்ள இடத்தருகே இறந்தார். உதவி தேடியோ என்னவோ தனியே ஏறிய ஆர்ம்ஸ்பி, உச்சி விடுதிக்குக் கூப்பிடு தூரத்தில் விழுந்து கிடந்தார். இருவருக்கும் இல்லாமல் போனது ஒரு கம்பளிச் சட்டையும், ஒரு கூரையும், திரும்பிப் போகலாம் என்ற எண்ணமும்.

மறு வருஷமே, 1901-ல், சங்கத்தார் அங்கே ஒரு சிறு ஒதுங்கிடம் கட்டினார்கள். 1915-ல் ஏரிகளின் பக்கத்தில் கல்லால் ஒரு விடுதி எழுந்தது. கோடை காலத்தில் நடைக்காரர்கள் அங்கே தங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். குளிர்காலத்தில் விடுதியைப் பூட்டிவிடுவார்கள். அடித்தளத்தில் ஒரு சின்ன இருட்டறை மட்டும், வழியில் அகப்பட்டுக்கொண்டவர்களுக்காகத் திறந்தே இருக்கும்.