நஞ்சு மோதிரமா, சிமிழ் மோதிரமா? கீல் வைத்த ஐரோப்பிய மோதிரங்கள் குறித்து ஒரு மறுபார்வை

முகப்பைத் திறக்கக்கூடிய பழைய ஐரோப்பிய மோதிரம் ஒன்று ஏலத்துக்கு வந்தால் போதும், அதை 'நஞ்சு மோதிரம்' என்று அழைத்துவிடுகிறார்கள். பெயர் விலையை ஏற்றுகிறது, வரலாற்றைக் குழப்புகிறது. 16, 17ஆம் நூற்றாண்டு மோதிரங்களைப் பொறுத்தவரை இப்பெயர் பெரும்பாலும் பொருந்தாது என்பதே என் வாதம். கீலையும் உள்ளறையையும் பொற்கொல்லர்கள் அமைத்ததன் நோக்கம், உள்ளே இருப்பதை யாருக்கு, எப்போது காட்டுவது என்ற உரிமையை அணிந்தவரிடமே விடுவதுதான். அதனால் இவற்றைச் சிமிழ் மோதிரங்கள் என்று அழைப்பதே தகும்.

நஞ்சுக் கதைகளுக்குப் பழமையான எழுத்துச் சான்று உண்டு. ரோமின் கேப்பிட்டோல் கோயிலில் பொன் களவுபோனபோது, அதன் காவலர் தம் மோதிரக் கல்லை வாயிலிட்டுக் கடித்து உடனே உயிர்விட்டதாகப் பிளினி எழுதுகிறார். ஹானிபலின் முடிவு ஒரு மோதிரத்தால் வந்தது என்கிறார் ஜூவெனல். டெமொஸ்தனிஸ் உள்ளீடற்ற வளையில் நஞ்சு வைத்திருந்தார் என்று எரட்டோஸ்தனிஸ் சொன்னதைப் புளூட்டார்க் பதிவுசெய்கிறார். நாணல் எழுதுகோலில் வைத்திருந்தார் என்ற வேறு கதையையும் அவரே தருகிறார். இம்மூன்றிலும் நஞ்சு அணிந்தவருக்கே உரியது. எதிரியின் கையில் சிக்காமல் சாவதற்கான வழி அது. விருந்தினரின் கிண்ணத்தில் நஞ்சைக் கொட்டும் மோதிரம் இங்கே எங்கும் இல்லை. அந்தப் படிமம் லுக்ரேசியா போர்ஜியாவின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அவர் இறந்தது 1519இல். அவரை நஞ்சூட்டும் பெண்ணாக மேடையேற்றிய விக்டர் ஹ்யூகோவின் நாடகமும், அதையொட்டி எழுந்த டோனிசெட்டியின் இசைநாடகமும் 1833இல் வந்தவை. இடையில் 300 ஆண்டுகளுக்கு மேல் கடந்திருக்கின்றன.

எதிர்த்தரப்புக்கு வலுவான சான்று ஒன்று இருக்கிறது. பல்கேரியாவின் கருங்கடற்கரையில் உள்ள காலியாக்ரா முனையில் கிடைத்து, 2013இல் அறிவிக்கப்பட்ட 14ஆம் நூற்றாண்டு வெண்கல மோதிரம் அது. அதன் உள்ளறைக்கு ஒரு சிறு துளை உண்டு. அதைப் பக்கத்து விரலால் மூடிக்கொள்ளலாம். அகழ்வாளர்கள் இதை நஞ்சூட்டும் கருவி என்றே விளக்கினர். வடிவம் அவ்விளக்கத்துக்கு இடம் கொடுக்கிறது என்பதை மறுக்க முடியாது. இடம் கொடுப்பது மட்டுமே சான்றாகிவிடாது. ஒருவரைக் கொல்ல வெள்ளைப் பாஷாணம் 0.2 கிராம் அளவே போதும் என்பதால், சிறிய மோதிர அறையிலும் அது அடங்கும். ஆனால் குளிர்ந்த நீரில் அது மெதுவாகவே கரையும். கிண்ணத்தின் அடியில் படிந்துவிடவும் கூடும். ஆகவே கொள்ளளவை வைத்து வழக்கை எந்தப் பக்கமும் தீர்க்க இயலாது. உள்ளறையின் சுவரைப் பார்த்தாக வேண்டும்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 1631ஆம் ஆண்டைச் சேர்ந்த ஜெர்மானிய இரட்டை மோதிரம் ஒன்று உள்ளது. ஒன்றோடொன்று கோத்த இரு பொன்வளையங்கள். சேர்த்தால் ஒரே மோதிரம். ஒரு முகப்பில் வைரம், மற்றதில் மாணிக்கம். வளையங்களைப் பிரித்தால் கற்களுக்குப் பின்னே இரு குழிகள் தெரியும்: ஒன்றில் கைக்குழந்தை, மற்றதில் எலும்புக்கூடு. கடவுள் இணைத்ததை மனிதர் பிரிக்கலாகாது என்ற விவிலியக் கருத்து வளையங்களில் பொறிக்கப்பட்டிருக்கிறது. மூடியிருக்கையில் திருமணத்தைச் சொல்லும் மோதிரம், பிரிந்ததும் பிறப்பையும் சாவையும் சேர்த்துச் சொல்கிறது. பிரித்துப் பார்த்தால்தான் இந்தப் பொருள் முழுமையாகும். நஞ்சு நிரப்பும் குழிக்குள் உருவம் செதுக்கி எனாமல் ஏற்றும் கொல்லர் யாராவது உண்டா?

இதைவிட நுட்பமானது, பிரிட்டிஷ் பிரதமரின் நாட்டுப்புற இல்லமான செக்கர்ஸில் இருக்கும் மோதிரம். சுமார் 1575இல் முதலாம் எலிசபெத்துக்காகச் செய்யப்பட்டது; முத்துச்சிப்பி வளையம், வைரத்தால் 'ஈ', நீல எனாமலால் 'ஆர்'. முகப்பைத் திறந்தால் இரு சிற்றுருவங்கள்: ஒருவர் அரசி, மற்றவர் அவருடைய தாய் ஆன் பொலின் எனப் பலரும் கருதும் பெண். மாற்றாந்தாய் கேத்தரின் பார் என்போரும் உளர். மூடினால் இரு முகங்களும் எதிரெதிரே வந்துவிடும். தாய்தான் என்று கொண்டால் கீலின் அரசியல் விளங்குகிறது. ஆன் 1536இல் துரோகக் குற்றத்தின் பேரில் தலை வெட்டப்பட்டவர். அவ்வாண்டிலேயே மகளும் முறையற்ற பிறப்பினள் என்று அறிவிக்கப்பட்டாள். அந்தத் தாயை அரசவையில் வெளிப்படையாகக் கொண்டாடுவது எளிதல்ல; கீல் வைத்த முகப்போ, அவர் உருவை யாருக்கு, எப்போது காட்டுவது என்பதை அரசியிடமே விடுகிறது.

உண்மையான ஒளிப்பும் நடந்திருக்கிறது. 1649இல் முதலாம் சார்லஸ் கொல்லப்பட்டபின், அவர் உருவை முகப்பின் அடியில் மறைத்த மோதிரங்களை அரச ஆதரவாளர்கள் அணிந்தனர். அவையும்கூடத் தம்மவர் முன் திறப்பதற்காகச் செய்யப்பட்டவையே. பிரித்தால் வானியல் கோளமாக விரியும் மோதிரங்களிலோ அரசியல் ஏதுமில்லை. அவை கற்றவர் சபையில் காட்டி வியக்கவைக்கும் பொருள்கள்.

எனவே ஒரு வேண்டுகோள். பட்டியல் தயாரிப்போர் உள்ளறையின் அளவு, அதன் சுவரில் உள்ள வேலைப்பாடு, கீலின் தேய்மானம், பிற்காலப் பற்றவைப்பு ஆகிய நான்கையும் பதிவுசெய்ய வேண்டும். வேதியியல் ஆய்வில் நஞ்சின் எச்சம் தெரிந்தாலன்றி 'நஞ்சு மோதிரம்' என்ற பெயரைப் பட்டியலில் சேர்க்கலாகாது.