சுபேதார் மாமாவும் மெட்ராஸ் சாப்பர்களும்

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1914 முதல் 1918 வரை நடந்த பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்கிறது அது. ஒருவர் பெயரும் இல்லை. கடைக்குப் போகும்போதெல்லாம் அதன் அடியில் நடந்தும் நான் அதைப் படித்ததில்லை. நிற்க வைத்துப் படிக்கச் சொன்னவர் எங்கள் பக்கத்து வீட்டு சுபேதார் மாமா. "போனவங்கள்ல எத்தினி பேரு மண்ணு வெட்டப் போனாங்களோ பாப்பா, யாரு எழுதி வெச்சாங்க?" என்றார்.

மாமா 2025 தை மாதம் காலமானார். வயது எண்பது தாண்டியிருந்தது. தெருவில் பாதிப் பேருக்கு அவர் 'இன்ஜினியர்'. வீடு கட்டுகிறவர்கள் அஸ்திவாரம் தோண்டியதும் அவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். ரசமட்டமும் தூக்குக் குண்டும் எடுத்துக்கொண்டு வருவார்; கூலி வாங்க மாட்டார்; சொன்னதைக் கேட்காத மேஸ்திரியிடம் இரண்டு நாள் பேசவும் மாட்டார். சாவு வீட்டுப் பந்தலுக்குக் கயிறு கட்ட அவர் வந்தால் அந்தப் பந்தல் எந்த மழைக்கும் அசையாது.

வாலாஜா பக்கத்துக் கொல்லுப்பட்டறைக் குடும்பம் அவருடையது. சீனப் போருக்கு மறு வருடம், 1963இல், படையில் சேர்ந்தார். சம்மட்டி பிடித்துக் காய்த்த கையைப் பார்த்துத்தான் தன்னை பெங்களூருக்கு அனுப்பினார்கள் என்பார். அங்கே அல்சூர் ஏரிக்கரையில் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பின் முகாம். தச்சர், கொல்லர், கொத்தர் என்று கைத்தொழில் தெரிந்த பிள்ளைகளுக்குத் துப்பாக்கியும் சொல்லிக்கொடுத்து 'சாப்பர்' ஆக்குகிற இடம்.

அந்தப் படையின் கதை 1780 செப்டம்பர் 30இல் தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி ஹைதர் அலியோடு போரில் இறங்கியிருந்த நேரம். சென்னை ராஜதானியில் 'பயனியர்' என்ற பெயரில் இரண்டு கம்பெனி ஆட்களைத் திரட்டினார்கள். படைக்கு முன்னால் போய்க் காடு வெட்டுவது, பாதை போடுவது, பீரங்கியை மேடேற்றுவது, அகழியைத் தூர்ப்பது அவர்கள் வேலை. 1831இல் அது 'சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்' ஆனது. 1834 முதல் பெங்களூர்தான் இருப்பிடம்.

இதற்குப் பிறகு நடந்ததை நம் பள்ளிப் பாடங்களில் நான் பார்த்ததில்லை, அது எனக்கு வருத்தம்தான். 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைமை வகித்த ராபர்ட்ஸ், தெற்கத்திய சிப்பாய் போருக்கு லாயக்கில்லாதவன் என்று முடிவுகட்டினார். அவரே பிறகு இந்தியப் படை முழுவதற்கும் தலைமைத் தளபதி ஆனார். 'போர்க்குடிகள்' வடக்கேதான் இருக்கிறார்கள் என்ற எண்ணம் கொள்கையாகவே ஆகி, சென்னைக் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. 1920கள் முடிவதற்குள் மெட்ராஸ் ரெஜிமென்ட் என்று ஒன்றே இல்லை. 1941இல், இன்னொரு உலகப்போர் வந்து ஆள் போதாமல் போனபோதுதான், அதைத் திரும்ப எழுப்பினார்கள். இத்தனைக்கும் நடுவில் சாப்பர்கள் மட்டும் கலையவில்லை. ஆற்றைக் கடக்க வேண்டியிருந்தது, கோட்டையை உடைக்க வேண்டியிருந்தது. அதற்கு அந்தக் கைகள் வேண்டியிருந்தன. வீரம் இல்லை என்று ஒதுக்கப்பட்ட ஊர்களின் பிள்ளைகள், வேலை தெரிந்தவர்கள் என்பதால் நிலைத்தார்கள். மாமா இதைச் சொல்லும்போது குரல் ஏறும்.

அந்த வீரத்தின் அளவு என்ன என்பதற்கு அவர் சொல்லும் பெயர் சுபேதார் சுப்பிரமணியன். செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர். 1944இல் இத்தாலியில் மிக்னானோ அருகே கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்த குழுவில் ஒருவர் வெடியை மிதித்துவிட்டார். அது வெடிக்கச் சில விநாடிகள் ஆகும் என்று சுப்பிரமணியனுக்குத் தெரியும். அந்த விநாடிகளில் அவர் ஓடவில்லை, வெடியின் மேல் விழுந்தார். கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள். ஜார்ஜ் கிராஸ் என்ற வீரப் பதக்கம் பெற்றவர் அவர். அவருடைய படம் மாமா வீட்டுக் கூடத்தில், சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும். வெள்ளிக்கிழமை அதற்கும் பூ உண்டு.

சுதந்திரத்துக்குப் பிறகு 1948 நவம்பர் 1இல் காஷ்மீர்ப் போரில் சோஜிலா கணவாயில் இந்திய டாங்கிகள் ஏறிய கதை பலருக்குத் தெரிந்திருக்கும். பதினோராயிரம் அடிக்கு மேலே, பனியில் டாங்கி வரும் என்று எதிரில் இருந்தவர்கள் நினைத்திருக்கவே மாட்டார்கள். பால்தாலிலிருந்து மேலே கோவேறுக் கழுதைப் பாதைதான் இருந்தது. அதை டாங்கி போகிற அகலத்துக்கு வெட்டிக்கொடுத்தவர்கள் மேஜர் தங்கராஜுவின் சாப்பர்கள்.

1971 டிசம்பரில், பாகிஸ்தானோடு நடந்த போரில், மாமா சக்கர்கர் பக்கம் இருந்தார். பசந்தர் ஆற்றங்கரையில் கண்ணிவெடி வயல். இரவில் மெட்ராஸ் சாப்பர்கள் வெடிகளை அகற்றி வழி திறந்துகொண்டிருந்தார்கள். அந்த வேலை முழுசாக முடிவதற்குள் பூனா ஹார்ஸ் படைப்பிரிவின் டாங்கிகள் அந்த வழியே பாய வேண்டியதாயிற்று. மறுநாள் அந்தப் பிரிவின் டாங்கி அதிகாரி அருண் கேத்தர்பால் அங்கே இறந்ததை நாடு அறியும். வழி திறந்த 9 இன்ஜினியர் ரெஜிமென்ட்டின் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரியும் குண்டு பட்டு இறந்தார், மகாவீர் சக்கரம் பெற்றார். இதற்குமேல் மாமா சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை.

அவர் விரும்பிப் பேசியது பெய்லி பாலத்தைப் பற்றி. இரண்டாம் உலகப்போரின் தொடக்கத்தில் டொனால்ட் பெய்லி என்ற ஆங்கிலேயர் வடிவமைத்தது. பத்தடி நீள இரும்புப் பேனல். எடை 570 பவுண்ட், ஆறு பேர் தூக்கினால் வந்துவிடும். கிரேன் வேண்டாம். பேனலோடு பேனலைப் பின் அடித்துச் சேர்த்து, இந்தக் கரையிலேயே உருளைகள் மேல் பாலத்தைக் கட்டுவார்கள். கட்டக் கட்ட அதை எதிர்க்கரை நோக்கித் தள்ளுவார்கள். பாலத்தின் முன்னால் கனமில்லாத ஒரு மூக்கு இருக்கும். அது அக்கரையைத் தொடும்வரை பின்பக்க எடை முன்பக்கத்தைத் தாங்க வேண்டும். கணக்கு தப்பினால் மொத்தமும் ஆற்றில். இதை எனக்கு விளக்க, திண்ணையில் பென்சில்களை உருளையாக வைத்து அடிக்கோலைத் தள்ளிக் காட்டுவார். என் மகன் ஆறாம் வகுப்பில் நெம்புகோலைப் புரிந்துகொண்டது அந்தத் திண்ணையில்தான்.

2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் மலை சரிந்தது. சூரல்மலையில் பாலம் அடித்துப் போய்விட, முண்டக்கை துண்டிக்கப்பட்டது. பாலம் போட பெங்களூரிலிருந்து மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் வந்தது. மாமா இரண்டு நாளும் டிவி முன்னால்தான். சாப்பாட்டுத் தட்டை அத்தை கையில் கொடுத்துவிட்டுப் போவார். அது அப்படியே ஆறிக் கிடக்கும். 190 அடி என்று செய்தியில் சொன்னதும், "அப்ப வரிசைக்குப் பத்தொம்போது பேனல்" என்றார். மழையில் நனைந்து இரும்பு தூக்குகிற பையன்களைப் பார்த்து, எந்த மூலையில் யார் நிற்க வேண்டும் என்று இங்கிருந்தே ஆணையிட்டார். மேஜர் சீதா ஷெல்கே அந்தக் குழுவை நடத்துவதைக் காட்டியபோது எழுந்து நின்றுவிட்டார். தன் காலத்தில் பெண் அதிகாரியின் கீழ் யாரும் பாலம் கட்டியதில்லை என்றும், இப்போது இருந்தால் சல்யூட் அடித்துவிட்டு அந்தம்மா சொன்ன பக்கம் பேனல் தூக்கியிருப்பேன் என்றும் சொன்னார்.

ஆகஸ்ட் 1 மாலை பாலம் முடிந்து முதல் வண்டி ஏறியது. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரையருகே போய் நின்று இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"பின்னு எல்லாம் நல்லா உக்காந்துகீது பாப்பா. லாரி போலாம்."