நான்காம் யாமத்துக் கனவு

முதலமடையின் மாந்தோப்புகளுக்கு நடுவிலும், இடுக்கியின் ஏலத் தோட்டங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. ஊரைப் பிரிந்து வாழ்வோர் வீடுகளில் விடியற்காலையில் ஒரு பேச்சு எழுவதுண்டு. “இராத்திரி ஊரைப் பற்றிக் கனாக் கண்டேன், அங்கே யாருக்கு என்ன வந்ததோ?” இப்பேச்சு நேற்றுத் தோன்றியதன்று. சங்க காலத்திலேயே நம் முன்னோர் இதைப் பேசியிருக்கின்றனர்.

புறநானூற்றின் 41ஆம் பாடலில், சோழன் கிள்ளிவளவனுடைய பகைவர் காணும் தீக்கனாக்களைக் கோவூர் கிழார் அடுக்குகிறார். பல் நிலத்தில் விழுகிறது. தலையில் எண்ணெய் வழிகிறது. கட்டிலோடு படைக்கலம் கவிழ்கிறது. அப்பால் அவர் காட்டும் காட்சிதான் நம் நெஞ்சைத் தொடுகிறது. அஞ்சிய வீரன் தன் பிள்ளையின் கண்ணை முத்தமிட்டு, மனைவிக்குத் தன் துயரம் தெரியாதபடி மறைக்கிறான். பல் விழுவதாகக் கனவு கண்டு கலங்குவோர் இன்றும் நம்மிடையே எத்தனை பேர்!

சிலப்பதிகாரத்தில் கோவலன், கண்ணகி, பாண்டிமாதேவி ஆகிய மூவருமே கனவு காண்கின்றனர். இவற்றுள் கண்ணகியின் கனவு, வேற்றூர் சென்று வாழ்வோர் ஊன்றிப் படிக்கத்தக்கது. கணவன் கைப்பற்றி அழைத்துச் செல்ல, இருவரும் ஒரு பெரிய நகரை அடைகின்றனர். அவ்வூரார், தேளை எடுத்து மேலே போட்டாற்போல, அவர்கள்மேல் ஆகாத பழியொன்றைச் சுமத்துகின்றனர். முன்பின் அறியாத ஊரில், நமக்காகப் பேச ஒருவருமின்றிப் பழிக்கு ஆளாவோமோ என்னும் அச்சம் இது. பெட்டியைக் கட்டிக்கொண்டு எல்லை தாண்டிய எவர்க்கும் இது புதிதன்று. கனவைக் கேட்ட தோழி தேவந்தி, சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் பொய்கைகளில் நீராடிக் காமவேளைத் தொழுதால் கணவனைக் கூடலாம் என்று வழி சொல்கிறாள். அது பெருமையாகாது என்று ஒரே சொல்லில் மறுத்துவிடுகிறாள் கண்ணகி. ஆயினும் கனவைத் தோழியிடம் சொல்லாமல் அவள் மறைக்கவில்லை. இடுக்கி எல்லையில், மலைமேல் உள்ள மங்கலதேவி கோயிலுக்குச் சித்திரை முழுநிலவன்று ஏறிச் செல்லும் அன்பர்கள், அங்கே வழிபடப்பெறுபவள் இவ்வாறு கலங்கிய ஒரு பெண்ணே என்பதையும் நினைத்தல் தகும்.

சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையுடன் உ. வே. சாமிநாதையர் 1892இல் பதிப்பித்தார். கனவுகளுக்கென்றே பொன்னவன் என்பவர் பாடிய ‘கனா நூல்’ என்னும் சிறு நூலும் பழந்தமிழில் உண்டு. இரவை யாமத்துக்கு மூன்று மணி நேரமாக நான்கு யாமங்களாகப் பிரித்து அது கணக்குச் சொல்கிறது. முதல் யாமத்துக் கனவு ஓராண்டில் பலிக்குமாம். இரண்டாம் யாமத்தது எட்டுத் திங்களில். மூன்றாவது மூன்று திங்களில். நான்காம் யாமத்துக் கனவோ பத்தே நாளில். வடமொழி மருத்துவ நூலாகிய சரகம் இன்னும் எச்சரிக்கையானது. கனவை ஏழு வகையாக்கி, கண்டது, கேட்டது, துய்த்தது, விரும்பியது, கற்பித்தது ஆகிய ஐந்தினால் வரும் கனவுகளுக்குப் பயன் இல்லை என்று அது ஒதுக்கிவிடுகிறது. அக்கணக்கின்படி, ஊர் நினைவால் வரும் கனவுக்காக அஞ்சவேண்டியதில்லை.

பலன் உண்டென்பதை நாம் ஏற்பதற்கில்லை. ஆனால் விடியற்காலைக் கனவுக்கு நூலோர் தனியிடம் தந்ததற்கு ஒரு காரணம் இருக்கலாம். சிகாகோப் பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி என்னும் மாணவர், தம் எட்டு வயது மகனை உறங்கவைத்து, அவன் கண்ணசைவைக் கருவியால் பதிவு செய்தார். உறங்கும் சிறுவனின் கண்கள் இடையிடையே விரைந்து ஓடின! அவரும் பேராசிரியர் நதானியேல் கிளீட்மனும் 1953இல் இதை வெளியிட்டனர். கண் ஓடும் வேளையில் 27 முறை எழுப்பியதில், 20 முறை உறங்கினோர் கனவை விவரமாகச் சொன்னார்கள். இத்தகைய உறக்கம் ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது. முன்னிரவில் சில நிமிடமே நீடிப்பது, விடியலை நெருங்க நெருங்க அரை மணியும் அதற்கு மேலும் நீள்கிறது. பொதுவாக நாம் விழிப்பதும் அப்போதுதான். ஆகவே அக்கனவே நினைவில் தங்குகிறது. பொன்னவனார் பத்து நாள் என்றது இந்தத் தெளிவைக் கண்டுதான் போலும்.

இதில் உடல் நலத்துக்கான செய்தி ஒன்றும் உண்டு. தோப்பு வேலைக்கோ இரயிலுக்கோ மூன்று மணிக்கு எழுபவர், பத்து மணிக்கு மேல் படுத்தாரானால், அவர் இழப்பது வெறும் இரண்டு மணி நேர உறக்கமன்று. கனவு மிகுந்த பகுதியையே பெரிதும் இழக்கிறார். அவ்வாறு இழந்தவர்க்குச் சில நாளில், விழித்தும் கை கால் அசைக்க இயலாமல் மார்பை ஏதோ அழுத்துவது போன்ற நிலை நேரலாம். ‘அமுக்குவான் பேய்’ என்று நம் ஊர்களில் சொல்வது இதனையே. கனவு வேளையில் உடற்தசைகள் தளர்ந்து கிடக்கும் என்பதைப் பிரான்சில் மிஷேல் ழுவே என்பவர் பூனைகளை ஆராய்ந்து 1959இல் காட்டினார். மனம் விழித்து, தசை இன்னும் விழிக்காத சில கணங்களே அந்தப் பேய். மல்லாந்து படுப்போர்க்கு இது மிகுதி. ஒருக்களித்துப் படுத்து, சில இரவுகள் நேரத்தோடு உறங்கினால் பெரும்பாலும் விலகும். ஒரே தீக்கனா வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்து, பகல் வேலையையும் கெடுக்குமானால், அதற்கு நாள் பார்ப்பவரை நாடாமல் மருத்துவரிடம் செல்வதே முறை.