தனியாள் இதழ்: சின்னமனூர் செல்லப்பாவும் தேனியின் இணைய எழுத்தும்

தனியொருவர் தன் கைப்பணத்தைப் போட்டு, தான் சரி என்று நம்புவதை எழுதி, தொடர்ந்து வெளியிட்டு வரும் வழக்கம் தமிழுக்கு இணையம் கொண்டுவந்தது அன்று. தமிழில் வலைப்பதிவுகள் தோன்றிய 2003ஆம் ஆண்டுக்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் முன்பே, தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த ஒருவர் அதைத் தம் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். சி.சு. செல்லப்பா என்ற பெயரின் முதல் எழுத்து அவர் பிறந்த சின்னமனூரைக் குறிக்கிறது. அடுத்தது தந்தை சுப்பிரமணியத்தை. பாண்டியர் வரலாற்றுக்கு முதன்மைச் சான்றாக விளங்கும் சின்னமனூர்ச் செப்பேடுகள் கிடைத்த ஊர் அது. முல்லைப் பெரியாறு அணை 1895இல் திறக்கப்பட்டதிலிருந்து இருபோக நெல் விளையும் பூமி. அச்சுத் தொழிலுக்கோ பத்திரிகைத் தொழிலுக்கோ பெயர் பெற்ற ஊர் அன்று. எழுத்தை நம்பிப் பிழைக்க நினைத்தவர்கள் மதுரைக்கும், அங்கிருந்து சென்னைக்கும் போக வேண்டியிருந்தது.

செல்லப்பா 1912 செப்டம்பர் 29 அன்று பிறந்தார். வளர்ந்தது வத்தலக்குண்டில். அதே வத்தலக்குண்டைச் சேர்ந்த பி.எஸ். ராமையா, 1933இல் தொடங்கிய ‘மணிக்கொடி’யைப் பின்னர் சிறுகதை இதழாக நடத்தினார். செல்லப்பாவின் தொடக்ககாலக் கதைகளுள் சில அதில் வந்தன. மதுரையில் கல்லூரிப் படிப்பு, விடுதலைப் போராட்டம், 1941இல் தனிநபர் சத்தியாக்கிரகத்துக்காகச் சிறை, பிறகு சென்னையில் பத்திரிகை வேலை என்று அவர் வாழ்க்கை சென்றது. 1950களில் வார இதழ்களின் விற்பனை வளர்ந்துகொண்டிருந்தது. தொடர்கதைகளுக்குப் பக்கங்கள் தாராளமாகக் கிடைத்தன. ஒரு படைப்பை எடுத்துவைத்து அலசிப் பார்க்கும் கட்டுரைக்கு இடம் கிடைக்கவில்லை. அந்த இடத்தைத் தாமே உண்டாக்குவது என்று முடிவு செய்து, 1959 ஜனவரியில் திருவல்லிக்கேணியிலிருந்து ‘எழுத்து’ என்ற மாத இதழைத் தொடங்கினார்.

ஆசிரியர், வெளியீட்டாளர், மெய்ப்புத் திருத்துபவர், சந்தா சேகரிப்பவர், கட்டுக் கட்டித் தபாலில் சேர்ப்பவர் எல்லாம் அவரே. இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை, கடைகளில் தொங்கவிடுவதில்லை, சந்தாதாரருக்கு நேரே அனுப்புவது என்பது அவர் வகுத்துக்கொண்ட முறை. அந்த இரண்டாயிரம் என்ற வரம்பை மீற வேண்டிய நிலை ஒருநாளும் வரவில்லை. சந்தாதாரர் எண்ணிக்கை நூற்றுக்கணக்கிலேயே நின்றது.

எழுதுவதைவிட எழுதியதை வெளியே கொண்டுவருவதுதான் அந்தக் காலத்தில் பெரும்பாடு. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் கோத்து, ஃபாரம் ஃபாரமாக அச்சடித்த காலம். உயிர்மெய் வரிசையால் தமிழுக்கு எழுத்துப் பெட்டிகள் அதிகம். கோப்பவரின் நேரமும் அதிகம். ஒரு ஃபாரம் அச்சேறியதும் அதைக் கலைத்து, அதே எழுத்துகளைக் கொண்டு அடுத்ததைக் கோக்க வேண்டும். நூறு பிரதி அடித்தாலும் ஆயிரம் பிரதி அடித்தாலும் கோப்புக் கூலி மாறாது. அதனால் குறைந்த பிரதிகள் அடிக்கும் இதழுக்கு ஒவ்வொரு பிரதியின் அடக்கவிலையும் கூடிக்கொண்டே போனது. விளம்பரம் வாங்கி ஈடுகட்ட வேண்டுமானால் பெரிய விற்பனையைக் காட்ட வேண்டும். சிற்றிதழ்கள் பலவும் ஓராண்டைத் தாண்டாமல் நின்றதற்கு எழுத்தாளரின் சோர்வைவிட இந்தக் கணக்கே முதல் காரணம்.

சட்டமும் ஒரு சுமையாக இருந்தது. 1867ஆம் ஆண்டின் அச்சகம் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டப்படி, இதழ் நடத்துபவர் நடுவர் முன் உறுதிமொழி தர வேண்டியிருந்தது. 1956க்குப் பிறகு பத்திரிகைப் பதிவாளர் அலுவலகத்திலும் பதிவு செய்ய வேண்டியிருந்தது. பதிவு பெற்ற இதழுக்குத் தபால் கட்டணத்தில் பெரிய சலுகை உண்டு. பதிவின் அலைச்சலுக்கு அஞ்சிய சிற்றிதழ்கள் அட்டையில் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று போட்டுக்கொண்டு, சலுகையை இழந்து புக் போஸ்ட் கட்டணத்தில் பிரதிகளை அனுப்பின.

‘எழுத்து’ விமர்சனத்துக்காகவே தொடங்கப்பட்டது. ஆனால் அது வரலாற்றில் நிலைத்தது புதுக்கவிதையால். ந. பிச்சமூர்த்தி பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய ‘பெட்டிக்கடை நாரணன்’ கவிதையைச் செல்லப்பா முதல் இதழில் மறுபிரசுரம் செய்தார். அதைப் படித்தவர்கள் தாங்களும் அவ்வாறு எழுதத் துணிந்தார்கள். நகுலன், சி. மணி, எஸ். வைதீஸ்வரன், பசுவய்யா என்ற பெயரில் சுந்தர ராமசாமி, இலங்கைத் திருகோணமலையிலிருந்து பிரமிள் என்று கவிஞர்கள் சேர்ந்தார்கள். 24 பேரின் 63 கவிதைகளை ‘புதுக்குரல்கள்’ என்ற தொகுப்பாக 1962இல் செல்லப்பாவே வெளியிட்டார். சில நூறு பேர் மட்டுமே வாங்கிய ஓர் இதழ் ஒரு மொழியின் கவிதைப் போக்கையே மாற்றிய செய்தி தமிழ் இதழியலில் வேறெங்கும் இவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை. தாம் எதிர்பார்க்காத திசையில் இதழ் நகர்ந்தபோது அதைத் தடுக்காமல் வழிவிட்டது செல்லப்பாவின் பெருந்தன்மை. ஆசிரியர் குழுவோ முதலாளியோ இருந்திருந்தால் அந்த முடிவு அத்தனை எளிதாக வந்திருக்காது.

ஒன்பது ஆண்டுகள் மாத இதழாக வந்த ‘எழுத்து’, கைப்பணம் வற்றியதும் காலாண்டிதழாகி, 119 இதழ்களோடு 1970இல் நின்றது. இதழோடு எழுத்து பிரசுரம் என்ற பெயரில் நூல்களையும் அவர் வெளியிட்டுவந்தார். ஜல்லிக்கட்டைக் களமாகக் கொண்ட ‘வாடிவாசல்’ 1959இல் அப்படித்தான் வந்தது. விற்பனையாளர் வலை எதுவும் இல்லாததால் புத்தகக் கட்டுகளைத் தோளில் சுமந்து, கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் விற்றார். மூன்று பாகங்கள் கொண்ட ‘சுதந்திர தாகம்’ நாவலை எண்பது வயதைத் தாண்டிய பிறகு, 1997இல், தாமே அச்சிட்டார். அடுத்த ஆண்டு டிசம்பர் 18 அன்று காலமானார். அந்த நாவலுக்கான சாகித்திய அகாதெமி விருது 2001இல்தான் வந்தது.

அவர் காலமான சில ஆண்டுகளுக்குள் அச்சுச் செலவும் தபால் செலவும் இல்லாமல் எழுத்தை வெளியிட வழி பிறந்தது. 1999இல் தொடங்கப்பட்ட பிளாக்கர் சேவையை 2003 பிப்ரவரியில் கூகுள் வாங்கியது. அதே ஆண்டு மே மாதம் வேர்ட்பிரஸ் வெளியானது. தமிழில் தனிப் பதிவுகள் 2003இல் தொடங்கிப் பெருகின. காசி ஆறுமுகம் 2004இல் உருவாக்கிய தமிழ்மணம் என்ற திரட்டி, அங்கங்கே சிதறிக் கிடந்த பதிவுகளை ஓரிடத்தில் காட்டியது. சந்தாதாரர் பட்டியல் செய்த வேலையைத் திரட்டி எடுத்துக்கொண்டது.

ஈய எழுத்துகளின் தொல்லை போன இடத்தில் எழுத்துருத் தொல்லை வந்தது. தேனி, கம்பம், போடி போன்ற ஊர்களின் டி.டி.பி. கடைகளில் கல்யாணப் பத்திரிகைகளும் நோட்டீசுகளும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சாகின. அந்தக் கோப்பை அப்படியே இணையத்தில் ஏற்றினால் படிப்பவர் கணினியில் பொருளற்ற குறிகளே தெரியும். யுனிகோடுக்கு மாற்ற சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியும், நேரே தட்டச்சு செய்ய எ-கலப்பையும் இலவசமாகக் கிடைத்தன. விண்டோஸ் 98 வைத்திருந்தவர்களுக்கு யுனிகோடு தமிழைப் படிப்பதே கடினம். அதற்காக அதிராம்பட்டினம் உமர் தம்பி ‘தேனீ’ என்ற இயங்கு எழுத்துருவைச் செய்து, யாரும் தம் தளத்தில் சேர்த்துக்கொள்ளும்படி கொடுத்தார். இவர்கள் யாரும் இதற்குக் காசு வாங்கவில்லை. ஒரு மொழியின் இணைய எழுத்து முழுவதும் சில தனிமனிதர்களின் ஓய்வு நேர உழைப்பின் மேல் எழுந்து நின்றது என்பதை மறக்கக் கூடாது.

இணைப்பு வசதி பெருநகரங்களுக்கு முதலிலும் சிற்றூர்களுக்குப் பிறகும் வந்தது. பிஎஸ்என்எல் அகலப்பட்டைச் சேவை 2005இல் தொடங்கியது. வீட்டில் கணினி இல்லாதவர்கள் பிரௌசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்துப் பதிவிட்டார்கள். தமிழ்நாட்டின் மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2012இல், சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளில் பாதி நேரம் மின்சாரம் இல்லை. கரண்டு வரும் நேரம் பார்த்து எழுதுவது பதிவர்களின் பழக்கமானது.

இந்தச் சூழலில் தேனியிலிருந்து தொடங்கிய இணைய இதழ் ‘முத்துக்கமலம்’. 2006 ஜூன் மாதம் தேனி மு. சுப்பிரமணி அதைத் தொடங்கினார். கதை, கவிதை, கட்டுரை, ஆன்மிகம், சமையல் என்று பல பகுதிகளோடு அது வந்தது. தமிழ் விக்கிப்பீடியாவிலும் பங்களித்துவந்த அவர், அந்தக் கலைக்களஞ்சியத்தைப் பற்றித் தமிழில் நூலும் எழுதினார். மாவட்டத் தலைநகரான சிறு நகரத்திலிருந்து, அச்சகமோ ஏஜெண்டுகளோ இல்லாமல், வெளிநாட்டுத் தமிழரும் எழுதும் இதழை நடத்த முடியும் என்பதற்கு முத்துக்கமலம் சான்று. செல்லப்பா சென்னைக்குப் போக நேர்ந்ததுபோல் சுப்பிரமணி போக வேண்டியிருக்கவில்லை. பள்ளத்தாக்கைப் பொறுத்தவரை இணையம் கொண்டுவந்த பெரிய மாற்றம் இதுவே.

ஆனாலும் செலவு அடியோடு மறைந்துவிடவில்லை. சொந்த முகவரியில் தளம் நடத்துபவர் ஆண்டுதோறும் முகவரிக்கும் வழங்கிக்கும் பணம் கட்ட வேண்டும். ஓராண்டு விட்டுப்போனால் முகவரி வேறொருவர் கைக்குப் போய்விடும். வருமானத்துக்கு வழி அடைத்தே கிடந்தது. கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரத் திட்டம் தமிழ்ப் பக்கங்களை ஏற்றுக்கொண்டது 2018 பிப்ரவரியில்தான். வலைப்பதிவின் பொற்காலம் முழுவதும் தமிழ்ப் பதிவர்கள் கூலியில்லாமல் எழுதினார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

சட்டம் வேறு உருவில் வந்தது. பதிவருக்கு நடுவர் முன் உறுதிமொழி தேவைப்படவில்லை. ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, பிறருக்கு எரிச்சலூட்டும் எழுத்துக்குக்கூடக் கைது செய்ய இடம் தந்தது. உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று அதைச் செல்லாது என்று அறிவிக்கும்வரை, உள்ளூர் அதிகாரத்தைப் பற்றி எழுதுபவர் தலைமேல் அது தொங்கிக்கொண்டிருந்தது.

2010க்குப் பிறகு எழுதியவர்களும் படித்தவர்களும் முகநூலுக்கு நகர்ந்தார்கள். பதிவுகளைத் தொடர்ந்து படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டது. திரட்டிகள் மெல்லச் செயலிழந்தன. சென்னை, மதுரை, புதுக்கோட்டை ஆகிய ஊர்களில் பதிவர்கள் திருவிழாபோல் கூடிய அந்த ஆண்டுகளிலேயே பதிவுகளின் எண்ணிக்கை இறங்கத் தொடங்கியிருந்தது. எழுதியவர் நின்றதும் பதிவும் நின்றது. எடுத்து நடத்த இரண்டாவது ஆள் இல்லை. ‘எழுத்து’ சந்தித்த நிலையும் அதுவே.

இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு நின்ற பிறகுதான் தெரிகிறது. நூல்கள் மற்றும் செய்தித்தாள்கள் வழங்கல் சட்டம் 1954இல் வந்தது. அதன்படி அச்சான ஒவ்வொரு நூலின் பிரதியும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் போக வேண்டும். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் பழைய சிற்றிதழ்கள் பாதுகாக்கப்படுகின்றன. இணைய எழுத்துக்கு அத்தகைய ஏற்பாடு சட்டத்தில் இல்லை. யாஹூ நிறுவனம் 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸ் சேவையை மூடியபோது, அதில் இருந்த தொடக்ககாலத் தமிழ்ப் பக்கங்கள் பல ஒரே நாளில் போயின. தேனி மாவட்டத்தின் கோயில் திருவிழா, ஏலத் தோட்ட வேலை, திராட்சை விவசாயம், மீட்டர்கேஜ் காலத்துப் போடி ரயில் போன்றவற்றை அச்சிதழ்கள் அதிகம் கண்டுகொண்டதில்லை. இவற்றைப் பற்றிப் பதிவு எழுதியவர்கள் தங்கள் இடுகைகளை இன்றே தரவிறக்கி, ஒரு பிரதியை மாவட்ட நூலகத்திலோ உள்ளூர்க் கல்லூரி நூலகத்திலோ சேர்த்துவிட வேண்டும். பிளாக்கரிலும் வேர்ட்பிரஸிலும் அதற்கான வசதி கட்டணமின்றியே கிடைக்கிறது.