நாலந்தாவும் நடுவண் அதிகாரமும்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணஞ் செல்லும் பெருவீதியில், மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையே நாலந்தா உளது. இலங்கையின் நடுவிடம் இதுவேயென ஊரார் கூறுவர். இங்குள்ள கெடிகே, பல்லவர் பாணியில் முழுதும் கல்லினாலே எழுந்த பழைய ஆலயம். மகாவலித் திட்டத்துப் போவத்தென்ன நீர்த்தேக்கத்தின் பொருட்டு அதன் கற்கள் ஒவ்வொன்றாய்க் கழற்றப்பட்டு, 1980 இல் வேறிடத்தில் மீள அடுக்கப்பட்டன. அந்நீரோ கண்டிக்கருகே பொல்கொல்லையிலிருந்து சுரங்கவழி வந்து, வடக்கே கலாவாவிக்குச் செல்கிறது. மத்திய மாகாணத்து நீர் வடமத்திய மாகாணத்து வயலுக்கு! இதனை ஆளும் உரிமை கொழும்புக்கா, மாகாணங்களுக்கா? சமஷ்டி பற்றிய வாதமெல்லாம் இவ்வினாவிலே அடங்கும்.

சமஷ்டி தமிழர் மட்டும் கேட்டதொன்றென்றே நாமும் அண்மைவரை எண்ணியிருந்தோம். வரலாறு வேறு கூறுகிறது. 1926 இல், ஒக்ஸ்போர்டிற் படித்து மீண்ட 27 வயது இளைஞரான திரு. எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா, "சிலோன் மோர்னிங் லீடர்" பத்திரிகையில் அதனை ஆதரித்துத் தொடர்ந்து எழுதினார். சுவிற்சர்லாந்தை உதாரணங் காட்டினார். மாகாணங்கள் தம்மைத் தாமே ஆளவேண்டும், முழுத்தீவுக்கும் பொதுவான சிலவற்றையே மத்திய சபை கவனிக்கவேண்டும் என்பது அவர் கருத்து. அடுத்து வந்த டொனமூர் ஆணைக்குழுவின் முன் கண்டித் தேசிய சபையார் மூன்று அலகுகள் கேட்டனர்: கண்டிச் சிங்களவர்க்கொன்று, கரைநாட்டுச் சிங்களவர்க்கொன்று, வடக்குக் கிழக்குத் தமிழர்க்கொன்று. நாலந்தா அன்று கேட்கப்பட்ட கண்டி அலகைச் சேர்ந்த ஊர் என்பதை அன்பர்கள் ஊன்றி நோக்குக! (மாத்தளைத் தோட்டங்களில் உழைத்த நம்மவர்க்கு அம்மூன்றில் தனியிடம் எதுவுமில்லை, அது வேறு கதை.) ஆணைக்குழு அதனை ஏற்கவில்லை.

1957 இல், பிரதமராயிருந்த அதே பண்டாரநாயக்கா திரு. செல்வநாயகத்துடன் பிரதேச சபைகளுக்காக ஒப்பந்தஞ் செய்தார். மறுவருடமே அதனைக் கைவிட்டார்.

நிற்க. மாகாண சபைகள் 1987 இன் பதின்மூன்றாந் திருத்தத்தாலேயே வந்தன. அதிகாரங்கள் மூன்று நிரல்களாயின: மாகாணத்துக்கு ஒன்று, மத்திக்கு ஒன்று, இருவர்க்கும் பொதுவாய் ஒன்று. நீர்ப்பாசனம் மாகாண நிரலில் உண்டு. ஆயின் ஒன்றுக்கு மேற்பட்ட மாகாணங்களூடே பாயும் ஆறுகள் அதற்குப் புறம்பு. ஆகவே நாலந்தாவருகே தேங்கும் மகாவலி நீர் மத்தியின் உடைமை. இதனை நாம் குறைகூறோம். மேலூரான் மறித்தாற் கீழூரான் வயல் காயும், நடுவர் ஒருவர் வேண்டும். பண்டாரநாயக்கா எண்ணிய பொதுச் சபைக்கும் இது உரிய பணியே. ஆனால் மத்தியின் நிரலில் முதலாவதாய் நிற்பது, எல்லாத் துறைகளுக்குமான தேசியக் கொள்கை! எந்நிரலிலுஞ் சொல்லப்படாதவையும் மத்திக்கே. அவர் மத்திக்கு அளந்து கொடுக்க எண்ணினார். இச்சட்டமோ மாகாணத்துக்கு அளந்து கொடுத்தது.

நாலந்தா அடங்கிய மத்திய மாகாண சபைக்கு 2013 செப்டெம்பரில் தேர்தல் நடந்தது. 2018 அக்டோபரில் அச்சபையின் ஆயுள் முடிந்தது. உடனே புதுத் தேர்தல் வரவில்லை. சனாதிபதி நியமிக்கும் ஆளுநரே ஆண்டுக்கணக்கில் மாகாணத்தை நடத்தினார்.