சேகூர் காடும் ரெண்டு ஆண்டர்சன்களும்

ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியா மசினகுடிக்கு இறங்கும்போதெல்லாம் எனக்கு கென்னத் ஆண்டர்சன் (1910-1974) ஞாபகம் வந்துடும். பெங்களூர்க்காரர். இந்த சேகூர் காட்டில் திரிந்த ஆட்கொல்லிப் புலியைப் பற்றி 1954-ல் வந்த தன் முதல் புத்தகத்திலேயே எழுதியிருக்கார்.

வேட்டை அவருக்கு அப்பாகிட்டேர்ந்து வந்தது. அதை அப்படியே மகன் டொனால்டுக்குக் கொடுத்தார். அப்பாவும் பையனும் சேர்ந்தே காடு காடா அலைஞ்சாங்க. ஆனா வயசாக ஆக, கென்னத்துக்குத் துப்பாக்கியைவிட கேமரா பிடிச்சுப்போச்சு. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. டொனால்ட் 2014-ல் இறந்தார். அவரோட நினைவுகள் 2018-ல் புத்தகமா வந்தப்போ, தலைப்பிலேயே அவர் 'கடைசி வெள்ளை வேட்டைக்காரர்'.

மூணு தலைமுறை கைமாறின துப்பாக்கி அதோட நின்னுபோச்சு. காட்டுமேல இருந்த பிரியம் மட்டும் நிக்கலைங்க. எங்கப்பா எனக்குக் கொடுத்தது துப்பாக்கி இல்லை, கென்னத்தோட அந்தப் பழைய புத்தகம்தான்.