வி.பி.பி. பொட்டலமும் வலைக்கடையும்

தலைநகரில் நாம் சிறுவராயிருந்த நாள்களில், சென்னையிலிருந்து நம் இல்லத்துக்கு ஆண்டில் இரண்டு மூன்று முறை பொட்டலம் ஒன்று வருவதுண்டு. பழுப்புக் காகிதம் சுற்றி, சணல் நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய பொட்டலம். உள்ளே பஞ்சாங்கம் இருக்கும். தீபாவளி மலர் இருக்கும். தந்தையார் விரும்பிக் கேட்ட நாவல் ஒன்றும் இருக்கும். தபால்காரர் அதைக் கையில் வைத்துக்கொண்டே தொகையைச் சொல்லுவார். பணத்தை எண்ணிக் கொடுத்த பிறகுதான் பொட்டலம் நம் கைக்கு வரும். ஒருமுறை அது மாதக் கடைசியில் வந்துவிட்டது. அன்னையார் அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மையாரிடம் கைமாற்று வாங்கி வரும் வரையில், தபால்காரர் வாசற்படியில் அமர்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். அயல் மாநிலங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களில் இக்காட்சியைக் காணாதவை சிலவே இருக்கும்.

வி.பி.பி. என்று மூன்றெழுத்தில் வழங்கிய இம்முறையை இந்திய அஞ்சல் துறை 1877-ஆம் ஆண்டில் கொண்டுவந்தது. கால் அணா அஞ்சல் அட்டை வந்தது 1879-இல். மணியார்டர்ப் பணியை அஞ்சல் துறை ஏற்றது 1880-இல். இவை மூன்றும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்து சேர்ந்தமையால் வர்த்தக உலகில் சத்தமின்றி ஒரு மாறுதல் நிகழ்ந்தது. வேண்டுவோர் அட்டையில் எழுதிக் கேட்பார். விற்போர் பொருளைக் கட்டி அஞ்சலில் சேர்ப்பார். தபால்காரர் பணத்தைப் பெற்றுக்கொண்டு பொருளைத் தருவார். பணம் மணியார்டராக விற்றவருக்குப் போய்ச் சேரும். வாங்க மறுத்தால் பொட்டலம் வந்த வழியே திரும்பிவிடும். சந்து ஒன்றில் சிறு அறை வைத்திருந்த புத்தக வியாபாரியும் லாகூரில் இருந்தவருக்கும் ரங்கூனில் இருந்தவருக்கும் விற்க முடிந்தது இதனால்தான். முகமறியாத இருவரிடையே, இருவரும் நம்பத்தக்க மூன்றாமவர் ஒருவர் நின்றார். காக்கி உடுத்து, மிதிவண்டியில் வந்தார்.

இப்பழங்கதையை இங்கே எடுத்ததற்குக் காரணம் உண்டு. கைம்முதல் குறைந்த வாலிபர்கள் கணிப்பொறியைத் துணைக்கொண்டு வியாபாரம் தொடங்கிய வரலாற்றைப் பேசுவோர், பெரும்பாலும் இயந்திரத்தையே புகழ்ந்து நின்றுவிடுகின்றனர். நம் நாட்டில் அவ்வியாபாரம் வேரூன்றிய விதத்தை உற்று நோக்கின், இயந்திரம் தீர்த்துவைத்த இடர் பாதிதான் என்பது புலனாகும். மறுபாதியைத் தீர்த்தது அந்தப் பழைய வி.பி.பி. முறையின் மறுபிறவியே.

(இவ்வகை வியாபாரத்துக்கு மின்வணிகம், இணைய வாணிகம், நிகழ்நிலை வணிகம் எனப் பல பெயர்கள் நம் மேசைமீது வந்து குவிந்துள்ளன. மொழிபெயர்ப்பாளருக்கு இதில் ஊதியம் உண்டு. படிப்போருக்கு மயக்கமே மிச்சம். ஆதலின் இக்கட்டுரையில் ‘வலைக்கடை’ என்றே கூறுவோம்.)

பொதுமக்களுக்கு இணையத் தொடர்பு நம் நாட்டில் 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1999-இல், பெங்களூரில் கே. வைத்தீஸ்வரன் முதலிய நண்பர்கள் அறுவர் கூடி ‘ஃபேப்மார்ட்’ என்னும் வலைக்கடையைத் திறந்தனர். இசைத்தட்டுகளே அவர்கள் முதலில் விற்ற சரக்கு. கடை திறந்தாயிற்று, தெருவில்தான் ஆள் நடமாட்டம் இல்லை. கணிப்பொறி இருந்த வீடுகள் சில. அவற்றுள் தொலைபேசி வழியே இணையத்தைத் தொட்டவை அவற்றினும் சில. கடன் அட்டை வைத்திருந்தோர் மிகச் சிலர். வைத்திருந்தோருள்ளும் அட்டை எண்ணைக் கண்காணாத கடைக்காரருக்குத் தரத் துணிந்தோரை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்தியாபிளாசா என்று பெயர் மாறிய அக்கடை 2013-இல் மூடப்பெற்றது. அந்த வீழ்ச்சியை ஒளிக்காமல் வைத்தீஸ்வரன் பின்னர் ஒரு நூலாகவே எழுதினார். வென்றோர் வரலாறு மலிந்த இத்துறையில் அந்நேர்மையை நாம் பெரிதாக மதிக்கிறோம்.

பொருளே இல்லாத வியாபாரத்துக்கு இவ்விடர் சற்றுக் குறைவு. சென்னை இராயபுரத்தில் வளர்ந்த முருகவேல் ஜானகிராமன், அமெரிக்காவில் மென்பொருள் வேலையில் இருந்தபோது, 1997-இல் அங்குள்ள தமிழருக்கென ஒரு வலைத்தளம் அமைத்தார். தமிழ் நாள்காட்டி, பண்டிகை நினைவூட்டல் முதலியவற்றோடு மணமக்கள் விளம்பரப் பகுதியும் அதில் இருந்தது. மக்கள் நாடி வந்தது அந்தப் பகுதியையே. ஊரை விட்டு வந்தவருக்கு நாள்காட்டி வேறெங்கும் கிடைத்துவிடும். சம்பந்தம் எளிதில் கிடைக்குமா? அதுவே பின்னர் பாரத் மேட்ரிமனி ஆயிற்று. 2001-இல் வேலை பறிபோனபின் அவர் முழுநேரமும் அதிலேயே இறங்கினார். புலம்பெயர்ந்த தமிழரின் குறை ஒன்றே முதலாக நின்று வளர்ந்த வர்த்தகம் என்னும் வகையில், இதை நேயர்கள் நினைவில் வைக்கலாம்.

அடுத்த கதையும் ஊர் திரும்ப விரும்பியவர் கதையே. 2005-ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு முன், பெங்களூரில் பொறியாளராயிருந்த பணீந்திர சாமா, ஹைதராபாதுக்குப் பேருந்துச் சீட்டுத் தேடி முகவர் கடைகளில் ஏறி இறங்கினார். சீட்டுக் கிடைக்கவில்லை. பண்டிகை நாளில் அயலூர் அறையில் தனித்துக் கிடப்பது எத்தகையது என்பதை நேயர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அவரோ வருந்தியதோடு நில்லாமல், காரணத்தை ஆராய்ந்தார். ஒவ்வொரு முகவரும் தமக்குத் தொடர்புள்ள சில பேருந்துக்காரரைத் தொலைபேசியில் கேட்டுச் சொல்லுபவர்; எந்த வண்டியில் எத்தனை இருக்கை காலி என்பதை முழுமையாக அறிந்தவர் எவருமிலர். ஒரு வண்டியில் இருக்கை வெறுமனே ஓட, மறுபுறம் பயணி வீதியில் நின்றார். சாமாவும், பிலானிக் கல்லூரித் தோழர் சுதாகர் பசுபுனூரி, சரண் பத்மராஜு ஆகியோரும் தம் சேமிப்பாகிய சுமார் 5 இலட்சம் ரூபாயை இட்டு, 2006-இல் ‘ரெட்பஸ்’ தொடங்கினர். பேருந்து ஒன்றும் அவர்கள் வாங்கவில்லை. பிறர் வண்டியின் காலி இருக்கையே அவர்கள் சரக்கு.

இதற்கு முன்னரே இரயில்வே ஒரு வழி திறந்திருந்தது என்பதையும் சொல்லல் வேண்டும். 2002 ஆகஸ்டில் ஐ.ஆர்.சி.டி.சி. இணைய வழியே பயணச்சீட்டு விற்கத் தொடங்கிற்று. தொடக்கத்தில் சீட்டு அச்சாகி வீட்டுக்கு வந்து சேர வேண்டும். எனினும் நம்மவர் பலர் கணிப்பொறி வழியே முதன்முதல் பணம் செலுத்தத் துணிந்தது இரயில் சீட்டுக்காகவே. எதிரில் இருந்தது அரசாங்கத்தின் இரயில். பணம் எங்கே ஓடிவிடும்? தனியார் வலைக்கடைகளுக்கு இதனால் விளைந்த நன்மையை எவரும் கணக்கிட்டதாகத் தெரியவில்லை.

இனிப் புத்தகக் கதைக்கு வருவோம். தில்லி ஐ.ஐ.டி.யில் பயின்று, அமேசான் நிறுவனத்தில் வேலை பார்த்த சச்சின் பன்சால், பின்னி பன்சால் இருவரும் 2007-இல் வேலையை விட்டுப் பெங்களூரில் ‘ஃபிளிப்கார்ட்’ தொடங்கினர். பெயர் ஒன்றாயினும் உறவினர் அல்லர். முப்பது வயதை எட்டாதவர்கள். இட்ட முதல் 4 இலட்சம் ரூபாய். இடம் கோரமங்கலாவில் இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு வீடு. புத்தகத்தைத் தேர்ந்ததில் விவேகம் உண்டு. அது கெடாது, எளிதில் உடையாது, எடை குறைவு, அளவு பார்த்து வாங்க வேண்டியதில்லை, யார் விற்றாலும் அதே நூல்தான். மேலும், கேட்பு வந்த பிறகு மொத்த வியாபாரியிடம் வாங்கி அனுப்பலாம். கிடங்கில் பணத்தை முடக்க வேண்டா.

முதற் கேட்பு மகபூப்நகரிலிருந்து வந்தது. அவ்வூர் அப்போது ஆந்திரப் பிரதேசத்தில் இருந்தது, இப்போது தெலங்கானாவில் உள்ளது. கேட்கப்பட்ட நூல் ஜான் வுட் எழுதியது. மைக்ரோசாஃப்ட் வேலையைத் துறந்து, ஏழைப் பிள்ளைகளுக்கு நூலகங்கள் அமைக்கப் புறப்பட்ட தம் கதையை அவர் அதில் கூறியிருந்தார். பெரிய நிறுவனத்து வேலையை உதறியவர் நூலையே, அவ்வாறு உதறிய மற்றிருவரிடம் ஒருவர் கேட்டது தற்செயல்தான். ஆனால் அந்நூல் எளிதில் அகப்படவில்லை. இருவரும் பெங்களூரின் புத்தகக் கடைகளில் தேடி அலைந்து, ஒரு பிரதியைக் கண்டெடுத்து அனுப்பினர். அச்சிறு விற்பனையில் ஆதாயம் என்ன நின்றிருக்கும்! விளம்பரத்துக்குப் பணமில்லாமையால், புத்தகக் கடைகளின் வாயிலில் நின்று, வெளிவருவோரிடம் தம் கடைப் பெயர் அச்சிட்ட பக்க அடையாள அட்டைகளைத் தந்தனர்.

குறைந்த முதல் என்னும்போது ஒன்றை மறைக்கலாகாது. 4 இலட்சம் ரூபாய் வர்த்தக உலகில் அற்பத் தொகை. 2007-இல் ஒரு குமாஸ்தாவின் குடும்பத்தில் அது மகள் திருமணத்துக்கென எடுத்துவைத்த பணம். மேலே கண்டோர் பலரும் உயர்கல்லூரிப் பட்டமும் நல்ல சம்பளமும் கண்டவர்கள். தோற்றிருந்தாலும் வேறு வேலை அவர்களுக்காகக் காத்திருந்தது. பணத்தினும் பெரிய கைம்முதல் அதுவே. ‘வெறுங்கையால் முழம் போட்டார்கள்’ என்று மேடையில் கூறுவோர் இதனை விட்டுவிடுகின்றனர்.

புத்தகம் விற்றது, ஆயினும் கடன் அட்டை இல்லாத பெருங்கூட்டம் வெளியிலேயே நின்றது. 2009 ஆகஸ்டு முதல், இணையத்தில் அட்டைவழிப் பணம் செலுத்துவோர் இரண்டாவதொரு மறைச்சொல்லும் இட வேண்டும் என ரிசர்வ் வங்கி விதித்தது. அவ்விதி நன்மைக்கே வந்தது. எனினும் மந்தமான தொடர்பில் பாதிவழியில் அறுந்துபோன வியாபாரங்கள் எத்தனையோ! இந்நிலையில்தான் 2010-இல் ஃபிளிப்கார்ட், பொருள் வாயிலுக்கு வந்தபின் பணம் தரும் வழியைத் திறந்தது. புதுமை என்று பத்திரிகைகள் பாராட்டின. நமக்கோ, வாசற்படியில் அமர்ந்து தண்ணீர் குடித்த தபால்காரரே நினைவுக்கு வந்தார். 1877-இல் அஞ்சல் துறை கண்ட வழி, காக்கி உடையைக் களைந்துவிட்டு, முதுகில் பெரும் பையுடன் மோட்டார் சைக்கிளில் திரும்பி வந்திருந்தது.

வந்தவழி நன்றே, அதற்குரிய விலையும் இருந்தது. வாங்குவோருக்கு அச்சம் நீங்கிற்று. அந்த அச்சம் முழுவதும் விற்போர் தலையில் ஏறிற்று. பொருள் போய், பணம் வசூலாகி, கணக்கில் சேரும் வரையில் முதல் முடங்கிக் கிடக்கும். வீடு பூட்டியிருந்தாலோ, மனம் மாறினாலோ பொட்டலம் திரும்பும். போக வர இருமுறைக் கூலியும் விற்றவர் பொறுப்பு. இச்சுமையைத் தாங்கச் சிறு சேமிப்புப் போதாது. ஃபிளிப்கார்ட்டுக்கு 2009 முதல் வெளியார் முதலீடு வந்துகொண்டிருந்தது. தமக்கெனப் பொருள் சேர்க்கும் ஆள்களையும் அமர்த்திக்கொண்டது. 2018-இல் அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனம் சுமார் 1,600 கோடி டாலர் தந்து அதன் பெரும்பங்கை வாங்கியபோது, கோரமங்கலா வீட்டுக்கும் அதற்கும் பெயரைத் தவிர ஒற்றுமை அதிகம் இல்லை. ரெட்பஸ் 2013-லேயே வேறொரு குழுமத்துக்கு விற்கப்பெற்றது.

2016-இல் யு.பி.ஐ. வந்தது. அவ்வாண்டு நவம்பரில் பெரிய நோட்டுகள் செல்லாமற் போனபோது, வாயிலில் காசு வாங்கும் வழக்கம் சில நாள்கள் தடுமாறிற்று. கைப்பேசியில் பணம் செலுத்தக் காய்கறி விற்பவரும் கற்றார். இப்போது வலைக்கடை திறக்கத் தனித் தளமும் வேண்டுவதில்லை.

நம் குடியிருப்பில் ஒரு தமிழ்ப் பெண் இருக்கிறாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சென்ற ஆண்டு நவராத்திரிக்கு இரண்டு திங்கள் முன்னர், மதுரைப் பக்கத்து விளாச்சேரியிலிருந்து கொலு பொம்மைகள் தருவித்துத் தலைநகரத் தமிழருக்கு விற்கத் துணிந்தாள். அவளிடம் இருந்தது நான்காயிரம் ரூபாய். படங்களைக் கைப்பேசியில் பலருக்கும் அனுப்பினாள். கேட்போர் பெயரைக் குறித்துக்கொண்டாள். அதன் பிறகே பொம்மைக்குச் சொல்லி அனுப்பினாள். புத்தகம் போலன்று பொம்மை; வழியில் மூக்குடையும், விரல் ஒடியும்.

‘மாமா, முழுப் பணத்தையும் முன்னாலேயே கேட்டால் தருவார்களா?’ என்று அவள் நம்மிடம் வினவினாள். நாம் வி.பி.பி. கதையைச் சொன்னோம். அவள் பொறுமையாகக் கேட்டாள். ‘அப்படியானால், தபால்காரர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்க விடுவாரா?’ என்றாள். விடமாட்டார்; பணம் தந்த பிறகுதான் பிரிக்கலாம். உள்ளே பழைய செய்தித்தாளைக் கட்டி அனுப்பி ஏய்த்தவர்களும் அக்காலத்தில் இருந்தனர் என்பதை நாம் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

அவள் பாதிப் பணம் முன்னதாகப் பெற்றாள். பொம்மைகளை வைக்கோலில் பொதிந்து, தானே ஒவ்வொரு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பதினோரு பெட்டிகளில் இரண்டில் பழுது. நம் வீட்டுக்கு வந்த தசாவதாரப் பெட்டியின்மேல் அவள் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது: ‘பிரித்து, பத்தும் முழுதாக இருக்கின்றனவா என்று பார்த்தபின் மீதிப் பணம் தந்தால் போதும்.’